நுனிக்கு மேலே திரண்ட வீக்கம்: மூக்கில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் இருக்கிறேன். மூக்குத் தண்டில் மேடும், உள்ளே தடுப்புச் சுவர் வளைவும் இருந்ததால் ஆவணியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். 11 வாரம் ஆகிறது. மூச்சு நன்றாக வருகிறது. ஆனால் நுனிக்குச் சற்று மேலே சதை திரண்டு நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கிளிமூக்கு மாதிரி இருக்கிறது. முதல் மாதத்தில் இவ்வளவு இல்லை. அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் அமுங்கிவிடும் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் அன்றே ஸ்டீராய்டு போட்டார்களே, மறுபடி எதற்கு? முகம் ஊதிவிடும், மூக்கில் குழி விழும் என்று தோழி பயமுறுத்துகிறாள். எனக்குச் சர்க்கரை வேறு எல்லைக்கோட்டில், எச்பிஏ1சி 6.1. தை கடைசியில் கல்யாணம், இன்னும் 11 வாரம்தான். அதற்குள் சரியாகுமா? மூக்குத்தி போடலாமா? பாட்டி தினமும் எண்ணெய் தொட்டு நீவிவிடச் சொல்கிறார், செய்யலாமா?

பதில்: உங்கள் தோழி சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. முகம் ஊதாது. குழி விழ வாய்ப்பு உண்டு. ஆனால் அது மருந்து எந்த ஆழத்தில், எவ்வளவு போனது என்பதைப் பொறுத்தது.

முதலில் முகம் ஊதும் விஷயத்தை முடித்துவிடுவோம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ பிரெட்னிசலோன் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும்போதுதான் முகம் நிலா மாதிரி உருண்டு போகிறது. மூக்கில் போடுவது டிரையம்சினலோன் என்ற மருந்து. நம் ஊர்க் கடைகளில் கெனகார்ட் என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது. இதில் 4 மி.கி., பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம். மூக்கு நுனிக்கு மேலே ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மி.கி. போதும். கணக்குப் பார்த்தால், 5 மி.கி. மாத்திரையில் கால் துண்டு அல்லது அரைத் துண்டு. அதுவும் ஒரே நாளில் ரத்தத்தில் கலப்பதில்லை. போட்ட இடத்திலேயே தங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. இந்த அளவுக்கு முகம் ஊதாது.

ஆபரேஷன் அன்று நரம்பில் ஏற்றியது பெரும்பாலும் டெக்சாமெத்தசோனாக இருக்கும். அதன் வேலை வேறு. கண்ணைச் சுற்றிய வீக்கமும் கன்றிப்போன நீலமும் முதல் சில நாட்களில் அதிகமாகாமல் பார்த்துக்கொள்வதோடு, மயக்க மருந்துக்குப் பின் வரும் குமட்டலையும் குறைக்கும். இரண்டு நாளில் அதன் வீரியம் தீர்ந்துவிடும். மூன்றாவது மாதத்தில் நுனிக்கு மேலே திரண்டிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, திரண்டிருப்பது என்ன? ஊசி போடலாமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இதுதான். ஆள் இளைத்த பிறகு பழைய ரவிக்கையைப் போட்டால் தொளதொளவென்று இருக்கும் இல்லையா, அதுதான் உங்கள் மூக்கில் நடந்தது. மேட்டைச் சீவித் தண்டைத் தாழ்த்தியாயிற்று. மேலே போர்த்தியிருக்கும் தோல் மட்டும் பழைய அளவு. மெல்லிய தோல் என்றால் சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். நம்மவர்களில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடித்தது, எண்ணெய்ப் பசை கொண்டது. அது அவ்வளவு சுலபத்தில் சுருங்காது. தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே, நுனிக்குச் சற்று மேலே ஒரு வெற்றிடம் மிஞ்சும். அதில் முதலில் ரத்தமும் நீரும் தேங்கும்; பிறகு தழும்புத் திசு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கக் கிளியின் அலகுபோல் வளைந்து தெரியும். மருத்துவத்திலும் இதற்குக் கிளி அலகு என்றே பெயர், நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆனால் அதே வடிவம் வேறு இரண்டு காரணங்களாலும் வரும். ஒன்று, வெறும் நீர் வீக்கம். இன்னொன்று, அந்த இடத்துக் குருத்தெலும்பைப் போதிய அளவு குறைக்காமல் விட்டிருப்பது, அல்லது நுனிக்கு இருந்த தாங்கல் தளர்ந்து நுனியே கீழே இறங்கியிருப்பது. நுனி இறங்கினால் அதற்கு மேலே உள்ள இடம் தானாக உயர்ந்து தெரியும். ஸ்டீராய்டு தழும்பைக் கரைக்கும், வீக்கத்தை வற்றவைக்கும். குருத்தெலும்பையும் எலும்பையும் ஒன்றும் செய்யாது. குருத்தெலும்பு மேட்டுக்கு மேலே ஊசி போட்டால் மேடு அப்படியே இருக்கும், மேலே உள்ள தோல்தான் மெலியும். மெலிந்த தோலில் மேடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

எது என்று ஓரளவு வீட்டிலேயே பிடிபடும். காலையில் எழுந்ததும் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று என ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கவாட்டுப் படம் ஒரு வாரத்துக்கு எடுங்கள். காலையில் பெருத்து மாலையில் வற்றினால், அல்லது ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாள் கூடினால், அது நீர். விரல் நுனியால் பத்து விநாடி மெல்ல அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் அதுவும் நீர்தான். காலையும் மாலையும் ஒரே மாதிரி இருந்து, அழுத்தினால் ரப்பர் போல லேசாக அமுங்கித் திரும்பினால் தழும்பு. மூக்கின் மேல் வைத்திருந்த ஸ்ப்ளிண்ட் என்ற கெட்டிக் கட்டை எடுத்த நாளிலிருந்தே இருந்து, அழுத்தினால் அமுங்காமல் கெட்டியாக இருந்தால் குருத்தெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். முதல் மாதத்தில் இவ்வளவு இல்லை, பிறகு திரண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தழும்பின் போக்கு. உங்கள் டாக்டரும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் ஊசி என்று சொல்லியிருப்பார். "இது தழும்பா, குருத்தெலும்பா?" என்று நேராகவே கேளுங்கள். அந்தக் கேள்வியில் தப்பில்லை.

சிவந்து, சூடாகி, விண்விண்ணென்று வலித்து, காய்ச்சலோ சீழோ இருந்தால் கதையே வேறு. அது கிருமித் தொற்று. அங்கே ஸ்டீராய்டு போடுவது எரியும் இடத்தில் எண்ணெய் ஊற்றுவது. நுனியில் பழுத்த பரு இருந்தாலும் அது ஆறிய பிறகே ஊசி. ஆபரேஷனில் மூக்குக்குள் ஏதாவது வைத்திருந்தால் அது உங்கள் சொந்தக் குருத்தெலும்பாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சிலிகான் வைத்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. மேலே தோல் மெலிந்தால் சிலிகான் தோலைத் துளைத்து வெளியே வரும் ஆபத்து கூடும்.

இனி ஊசிக்கு வருவோம். கவனக்குறைவு நடப்பதெல்லாம் இங்கேதான்.

கெனகார்ட் இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒரு மி.லி.யில் 10 மி.கி. கொண்டது ஒன்று, 40 மி.கி. கொண்டது ஒன்று. 40 என்பது முழங்கால் மூட்டுக்கும் கெட்டித் தழும்புக்கும் போடுவது. அதை அப்படியே 0.2 மி.லி. எடுத்து மூக்கில் போட்டால் 8 மி.கி. உள்ளே போய்விடும். 10-ஐ அதே அளவு போட்டால் 2 மி.கி. கடையில் 10 இல்லையென்று 40-ஐ வாங்கிக் கொடுத்துவிடுவதும் நடக்கும். வாங்கித் தந்தால் தப்பில்லை, நீர்த்துப் போட வேண்டும். ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு சலைன் சேர்த்தால் 10 ஆகும். ஏழு பங்கு சேர்த்தால் 5 ஆகும். உங்களுக்கு முதல் தடவை 5 வீரியத்தில் 0.2 மி.லி., அதாவது 1 மி.கி. போதும் என்பது என் கருத்து. பலன் பார்த்து அடுத்த தடவை 2 மி.கி. வரை போகலாம். குறைவாகப் போட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூடப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

சிரிஞ்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிறிய அளவு என்பதால் இன்சுலின் சிரிஞ்சை எடுப்பார்கள். நம் நாட்டில் அது இரண்டு வகை: சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். ஆரஞ்சில் 20 கோடு என்றால் 0.2 மி.லி. சிவப்பில் அதே 20 கோடு என்றால் 0.5 மி.லி., இரண்டரை மடங்கு. மி.லி. கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்சே உத்தமம். ஊசி 30 நம்பர், மயிரிழை போன்றது. இந்த மருந்து தண்ணீர் மாதிரி கரைந்திருப்பதில்லை, நீரில் மிதக்கும் வெள்ளைத் துகள். குப்பியைக் குலுக்காமல் எடுத்தால் மேலே வெறும் தண்ணீர் வரும், அடியில் கெட்டி மருந்து நிற்கும். சிரிஞ்சில் எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் படிந்துவிடும். மரப்புக்காக லிக்னோகெய்னைக் கலப்பதுண்டு. ஆனால் பலமுறை எடுக்கும் பெரிய குப்பி லிக்னோகெய்னில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மீதைல்பாரபென் இருக்கும், அது துகள்களைத் திரளவைக்கக்கூடும். திரண்டால் ஊசி அடைக்கும், அல்லது ஒரே இடத்தில் கட்டியாக இறங்கும். சலைனில் கலப்பதே மேல். வலிக்கு, அரை மணி நேரம் முன்பு மரப்புக் களிம்பு தடவிக்கொண்டால் போதும்.

அடையாளம் இடுவது உட்கார்ந்த நிலையில். படுத்தால் வீக்கத்தின் உருவம் மாறிவிடும். ஆல்கஹாலால் துடைத்து, நடுக்கோட்டில் ஊசியை உள்ளே செலுத்தி, குருத்தெலும்பைத் தொட்டதும் இம்மியளவு பின்னுக்கு இழுத்து, அங்கே மருந்தை விட வேண்டும். தழும்பு இருப்பது அந்த ஆழத்தில்தான். குழி விழுவது எப்போது என்றால், மருந்து தோலுக்குள்ளேயோ தோலை ஒட்டிய கொழுப்பிலேயோ தங்கும்போது. தழும்பு நாரை உண்டாக்கும் செல்களை ஸ்டீராய்டு அடக்குகிறது. அதே அடக்குமுறை தோலிலும் கொழுப்பிலும் நடந்தால் அவையும் கரையும். மருந்துக்கு நல்ல நார், கெட்ட நார் என்று பிரிக்கத் தெரியாது. ஊசி போகும்போது மேல்தோல் வெளுத்து ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக எழும்பினால், மேலோட்டமாகப் போகிறது என்று அர்த்தம். டாக்டர் அங்கேயே நிறுத்திவிடுவார். நிறுத்த வேண்டும்.

பயமுறுத்த அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று ஒன்று சொல்கிறேன். மூக்குத் தண்டின் ரத்தக் குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக் குழாயோடு தொடர்பு உண்டு. துகள் மருந்து வேகமாக, அழுத்தமாக ஒரு குழாய்க்குள் போனால் பின்னோக்கி ஓடி விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அடைக்கலாம். மிக மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அதனால்தான் சிறிய அளவு, மெதுவான தள்ளல், தள்ளும் முன் ஒருமுறை பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது. ஊசி போடும்போதோ போட்ட உடனேயோ கண் மங்கினால், கண்ணுக்குள் சுரீர் என்று வலித்தால், மூக்கின் தோல் வெள்ளையாகவோ ஊதாத் திட்டாகவோ மாறினால், நாற்காலியை விட்டு எழும் முன்பே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

போட்ட அன்று அந்த இடம் இன்னும் பெருத்துத் தெரியும். அது ஊற்றிய திரவம், ஓரிரு நாளில் வற்றும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். முழுப் பலனைப் பார்க்க 4 முதல் 6 வாரம். ஆகவே அடுத்த ஊசி எதுவானாலும் அதற்கு முன் கிடையாது. இரண்டு தடவை போட்டும் துளிகூட அசையவில்லை என்றால் மூன்றாவது வேண்டாம். அது தழும்பில்லை என்று ஆகிவிட்டது. திருத்த ஆபரேஷன் தேவையா என்பதை ஒரு வருடம் முடியாமல் முடிவு செய்யக் கூடாது. தடித்த தோலுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும்.

ஊசியோடு டேப்பையும் விட்டுவிடாதீர்கள். அரை அங்குல மைக்ரோபோர் டேப்பை இரவில், நுனிக்கு மேலே குறுக்காக ஒட்டி, இரண்டு பக்கமும் இழுத்து அழுத்திவிட வேண்டும். நுனி மேலேயே ஒட்டினால் பயனில்லை. வெற்றிடம் இருப்பது நுனிக்கு மேலே. காலையில் வெந்நீரில் நனைத்து எடுங்கள். பிய்த்து எடுத்தால் எண்ணெய்த் தோலில் பரு கிளம்பும், பிறகு ஊசி தள்ளிப்போகும்.

உங்கள் நாள்காட்டியை வைத்துச் சொல்கிறேன். முதல் ஊசியை இந்த வாரமோ அடுத்த வாரமோ போட்டுக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்துக் காட்டுங்கள். கல்யாணத்துக்கு அப்போது நாலைந்து வாரம் இருக்கும். பாதியாவது அமுங்கியிருந்தால் இரண்டாவது ஊசியைக் கல்யாணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தோல் மெலிவும் நிறம் வெளுப்பதும் உடனே தெரிவதில்லை. ஊசி போட்ட ஒன்றிலிருந்து நான்கு மாதத்தில் வெளிவரும். மாநிற, கறுத்த தோலில் வெளுத்த திட்டு பளிச்சென்று தெரியும். தாலி கட்டும் நாளுக்குள் சரியாக்கிவிட வேண்டும் என்று அளவைக் கூட்டுவதும் இடைவெளியைக் குறைப்பதும்தான் குழியில் கொண்டுபோய் விடுகிறது. மணமகள் அலங்காரம் செய்பவர் அந்த மேட்டில் ஒரு இழை அடர்நிறம் பூசினால் படத்தில் பாதி மறைந்துவிடும். குழியை அப்படி மறைக்க முடியாது.

குழி விழுந்துவிட்டால்? பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தானாகவே மெல்ல மேலேறும். சிலருக்கு முழுதாக ஏறுவதில்லை. அந்த நேரத்தில் யாராவது ஃபில்லர் போட்டு நிரப்பித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். ஆபரேஷன் ஆன மூக்கில் ரத்தக் குழாய்கள் பழைய பாதையில் இருப்பதில்லை. ஃபில்லர் குழாயை அடைத்தால் தோலே கறுத்து அழுகலாம், பார்வையும் போகலாம்.

சர்க்கரை: 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முழங்காலில் 40 மி.கி. போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், 1 மி.கி.க்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. ஊசிக்குப் பின் மூன்று நாள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்து வையுங்கள், போதும். இந்த மருந்தால் சிலருக்கு மாதவிடாய் முன்பின் ஆகும். கல்யாணத் தேதி குறித்த வீட்டில் அது பெரிய விஷயம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எண்ணெய்ப் பசைத் தோலைக் குறைக்க ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைச் சில டாக்டர்கள் சேர்த்துத் தருவதுண்டு. தோலுக்கு அது உதவும்தான். ஆனால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனம் தரக்கூடிய மருந்து அது. நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கரு தரிக்கக் கூடாது. கல்யாணத்தை ஒட்டி இருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாட்டியின் அக்கறை புரிகிறது. பிறந்த குழந்தைக்கு மூக்கு நீவிவிட்ட கை அது. ஆனால் தேய்ப்பதால் தழும்பு கரையாது, நீர்தான் ஏறும்; எண்ணெய் தேங்கிப் பருவும் வரும். நலங்கில் சந்தனமும் மஞ்சளும் பூசும்போது மூக்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் பூசச் சொல்லுங்கள். ஆவி பிடிப்பது, ஃபேஷியல், ப்ளீச் எல்லாம் ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வேண்டாம்.

ஊசியை ஆபரேஷன் செய்த டாக்டரே போடுவது நல்லது. எந்த இடத்தில் எதைச் சீவினார், எங்கே எதை வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வெளியூர் என்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கிக்கொண்டு உள்ளூர் டாக்டரிடம் போங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி, வீரியம், அளவு மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். "ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மூக்குத்திக்கு வருவோம். பழைய துளை இன்னும் திறந்திருந்து, புண்ணில்லாமல் இருந்தால் கல்யாணத்தன்று போடலாம். நகையையும் திருகையும் சுத்தம் செய்து, கனமில்லாத ஒற்றைக்கல்லாகப் போடுங்கள், இரவே கழற்றிவிடுங்கள். துளை மூடிவிட்டிருந்தால் இப்போது புதிதாகக் குத்த வேண்டாம். ஸ்டீராய்டு போட்ட இடத்துக்கு அருகே புதுப் புண் ஆறவும் நாளாகும், கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். குத்தாமல் செருகும் மூக்குத்திகள் நகைக்கடைகளில் கிடைக்கின்றன. அதில் இறுக்கம் இல்லாத ஒன்றாகப் பார்த்து, முகூர்த்த நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.